கூடிப்போன செம்பு

தற்பெருமை என்று யாராவது முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லக்கூடிய காரியம் என் வாழ்க்கையில் ஒன்று உண்டு. அதை அடக்கி வாசிக்க எனக்கு வராது. ஓர் எண்ணைக் கம்ப்யூட்டருக்குள் எந்த விதமாக எழுதி வைப்பது என்ற விஷயத்தில், என்னைவிட நாலு மடங்கு படித்த ஒருவரோடு சண்டை போட்டு ஜெயித்தேன். அந்தச் சண்டைக்கு நடுவில் ஒரு மனிதரின் மானம் மாட்டிக்கொண்டிருந்தது. மூன்று வரியில் சொன்னால் இவ்வளவுதான். ஆனால் மூன்று வரியில் சொல்லி முடிக்கிற ஆளா நான்?

எழுபதுகளின் பிற்பாதி அது. கவரைப்பேட்டையிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் எங்கள் ஊர். நெல் விளைகிற நிலம், ஏழெட்டு மாடு, வீடு நிறைய ஆண்பிள்ளைகள். நடுவில் நான் ஒருத்தி மட்டும் பாசஞ்சர் பிடித்துச் சென்னைக்குப் போய்க் கணிதம் படித்தேன். பிறகு ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்பும் போனேன். கும்மிடிப்பூண்டி ஆலையில் வேலை கிடைத்தபோது சித்தப்பா வந்து, "பொட்டப்புள்ளய கம்பெனிக்கா அனுப்பப் போற?" என்று குதித்தார். என் நைனா நிதானமாகச் சொன்னார்: "போவட்டும் வுடு. ஊட்ல இருந்தா நம்மகிட்டதான சண்ட போட்டுக்கினு இருக்கும்." என்னைப் பெற்றவருக்கு என்னைத் தெரியும்.

ஆலையில் செம்புக் கம்பி இழுத்தார்கள். தடிமனான செம்புக் கம்பி சுருள் சுருளாக லாரியில் வரும். அதை மோட்டாருக்குச் சுற்றுகிற மெல்லிய கம்பியாக இழுத்து அனுப்புவார்கள். அந்தக் காலத்தில் செம்பு வாங்கக் கவர்ன்மெண்ட் பர்மிட் வேண்டும். தங்கத்துக்கு அடுத்தபடி செம்புதான் என்று பேசிக்கொள்வார்கள். ஸ்டோரில் எப்போதும் எழுபது எண்பது டன் கிடக்கும். வருகிற சுருளையும் எடை போடுவார்கள், உள்ளே மெஷினுக்குப் போகிற சுருளையும் எடை போடுவார்கள். நாற்பத்தேழு புள்ளி மூன்று, ஐம்பத்தொன்று புள்ளி எட்டு என்று கிலோவில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் எழுதுவார்கள்.

எடை போட்டவர் ஸ்டோர்க்காரர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆள், பேச்சில் பாதி தெலுங்கு வாடை. எடையை உரக்கச் சொல்வார். சுருளை வாங்கிக்கொள்கிற ஆள் அதே எடையை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் சீட்டு எழுதுவார். முணுமுணுத்தால், "வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று கேட்டுவிட்டு, சுருளை மறுபடி தராசில் ஏற்றிவிடுவார். லாரி டிரைவர்களுக்கெல்லாம் அவர் என்றால் பேஜாரு. நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்பார்கள் இல்லையா, அதேபோல அன்றைய முதல் சுருளுக்கு அவரும் 'லாபம்' என்பார். எங்கள் களத்து மேட்டில் கேட்ட வார்த்தையை ஒரு ஃபேக்டரிக்குள் கேட்டதும் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவர் எழுதிய சீட்டுகள் என் அறைக்கு வரும். நானும் இன்னொரு பெண்ணும் அவற்றை அட்டையில் ஓட்டை ஓட்டையாகக் குத்துவோம். ஆலையில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கிடையாது. சென்னையில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரை ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடகைக்கு எடுப்போம். வாரக் கடைசியில் அட்டைப் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறுவேன். மழைக்காலத்தில் குழந்தையைப் போர்த்துகிற மாதிரி பெட்டிகளைப் போர்த்த வேண்டும். அட்டை ஈரம் பட்டு உப்பினால் மெஷின் மென்று துப்பிவிடும்.

இன்றைக்கு டேட்டாபேஸ் என்கிறார்கள். அன்று எங்களுக்கு அது மாஸ்டர் ஃபைல். எந்தச் சரக்கு எவ்வளவு இருப்பு என்பதை ஒரு டேப்பில் பதிந்து வைப்போம். அதை முதன்முதலில் அமைக்கும்போதே சண்டை தொடங்கிவிட்டது.

எங்கள் மேனேஜர் வெளிநாட்டில் உலோகவியல் படித்துவிட்டு வந்தவர். தங்கமான மனுஷர், அதில் சந்தேகமில்லை. ஆனால் தனக்குத் தெரிந்ததுதான் முடிவு என்ற நினைப்பு. விஞ்ஞானக் கணக்குக்கான கம்ப்யூட்டர் மொழி அவருக்கு அத்துப்படி. இருப்பு எடையை ஃப்ளோட்டிங் வகையில் வைக்கலாம் என்றார். டெசிமல் வகையில்தான் வைக்க வேண்டும் என்றேன் நான்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். டெசிமல் என்றால் நாம் பலகையில் எழுதுகிற மாதிரி. எண்பதாயிரம் புள்ளி ஒன்று என்றால் ஒவ்வோர் இலக்கமும் அப்படி அப்படியே உட்காரும். ஃப்ளோட்டிங் என்றால் எண்ணை மெஷின் தனக்கு வசதியான ரூபத்துக்கு மாற்றிக்கொள்ளும். மிகப் பெரியதும் அதில் அடங்கும், மிகச் சிறியதும் அடங்கும். ஆனால் மொத்தத்தில் இத்தனை இடம்தான் என்று ஓர் அளவு உண்டு. பெரிய எண் வந்து உட்கார்ந்தால் அதன் வால் உட்கார இடம் இருக்காது. போதாததற்கு, பத்தில் ஒன்று என்பதை அதற்குச் சரியாகச் சொல்லவே வராது. மூன்றில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நாம் புள்ளி மூன்று, மூன்று, மூன்று என்று இழுத்துக்கொண்டே போவோமே, பத்தில் ஒன்றுக்கு அது அப்படி இழுக்கும்.

"டெசிமல் காசுக்குத்தாம்மா," என்றார் மேனேஜர். "பைசா தவறக்கூடாதுன்னு பேங்க்ல வெப்பாங்க. இது எடை. எடைங்கறது ஒரு அளவு. எந்தத் தராசும் துல்லியம் கிடையாது. அப்புறம் எதுக்கு இவ்வளவு துல்லியம்?"

"அளக்கறது தராசோட வேலை சார். அளந்து சீட்டு எழுதிட்டா அப்புறம் அது கணக்கு. கணக்குல ஏன் நாமளா தப்பைச் சேக்கணும்?"

"கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். வருஷக் கடைசில ரெண்டும் சரிக்குச் சரி ஆயிடும்."

பேச்சு அதோடு முடிந்தது. அவர் மேனேஜர், நான் நேற்று வந்தவள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன், வேறென்ன செய்ய? புரோகிராம் அவர் சொன்னபடி ஓடியது. கம்ப்யூட்டர் வந்துவிட்டதே என்று ஸ்டோரில் கையால் இருப்புப் போடுவதையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு வருஷம் ஓடியது. வருஷக் கடைசியில் ஆடிட்டர் ஆட்கள் வந்து ஸ்டோரில் கிடந்த செம்பு முழுவதையும் மறுபடி எடை போட்டார்கள். கம்ப்யூட்டர் சொன்னதைவிடத் தரையில் முந்நூறு கிலோவுக்குக் கிட்ட அதிகமாக இருந்தது.

அதிகம்தானே, நல்லதுதானே என்று எங்கள் பஞ்ச் அறைப் பெண் கேட்டாள். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஸ்டோர் வேலை தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், குறைவைவிட அதிகம் பொல்லாதது. குறைந்தால் தூசி, சேதாரம், தராசுக் கோளாறு என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். அதிகம் வந்தால் ஒரே காரணம்தான் சொல்வார்கள்: உள்ளே கொடுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொடுத்துவிட்டு, சீட்டில் முழு எடை எழுதியிருக்கிறான். மிச்சம் பிடித்ததைச் சமயம் பார்த்து வெளியே கடத்த வைத்திருக்கிறான்.

ஸ்டோர் அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் போட்ட சத்தம் என் அறைவரைக்கும் கேட்டது.

"கம்மியா இருந்தாலும் திருடன், ஜாஸ்தியா இருந்தாலும் திருடனா? இன்னா நாயம் சார் இது?"

விசாரணை முடிகிறவரை ஆலைக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தானாக ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் போலீசுக்குப் போக மாட்டோம் என்றும் சொன்னார்களாம். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. மறுநாள் காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிற நேரத்தில், காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு எதிரிலிருந்த டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். வேலை முடிகிற சங்கு ஊதினால் எழுந்து போவார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிறார்களே என்று எனக்குத்தான் உடம்பு கூசியது.

தாங்க முடியாமல் ஒரு நாள் போய்க் கேட்டேன். "ஏண்ணா இங்க வந்து உக்காந்துக்கினு கீறீங்க? ஊட்ல இருக்கலாம்ல?"

"ஊட்ல இருந்தா, மூஞ்சிய மறச்சிக்கினான்னு சொல்வானுங்க தங்கச்சி. பாக்கட்டும். நல்லா பாக்கட்டும்." டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "கம்ப்யூட்டர் பொய்யே சொல்லாதுன்றாங்களே, நெஜமா?"

"பொய் சொல்லாதுண்ணா."

"அப்போ நான்தான் சொல்றேன்னு ஆவுதா இல்லியா?"

எனக்குச் சுரீர் என்றது. விடுவிடுவென்று ஆலைக்குள் திரும்பிவிட்டேன். அன்று சாயங்காலம் பாசஞ்சருக்காகக் காத்திருந்தபோது அதே கேள்வி மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. கூடும் குறையும், சரியாகிவிடும் என்றாரே மேனேஜர். கூடினால்தானே குறைந்தது சரியாகும்? அந்த மெஷின் எப்போதாவது கூட்டுமா? வால் உட்கார இடமில்லாவிட்டால் அது என்ன செய்யும்? கிட்டத்தில் இருக்கிற எண்ணுக்கு ஏற்றுமா, அப்படியே வெட்டிப் போடுமா? இத்தனை நாள் இதை யாரும் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போனதும், வாராந்தர வேலையை ஓட்டுவதற்கு முன் என் சொந்தச் சோதனை ஒன்றை நுழைத்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. எண்பதாயிரம் கிலோ இருப்பு, அதோடு பத்தில் ஒரு கிலோவை ஆயிரம் தடவை கூட்டு. முதலில் டெசிமல் வகையில், பிறகு ஃப்ளோட்டிங் வகையில். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கூடத் தெரியும், நூறு கிலோ கூடியிருக்க வேண்டும்.

டெசிமல் 80100.0 என்று அச்சடித்தது. ஃப்ளோட்டிங் 80062.5 என்று அச்சடித்தது.

அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, "அடப்பாவி!" என்று கத்தியேவிட்டேன். மெஷின் பார்த்துக்கொள்கிற ஆள் பயந்துபோய், "எதுனா ஒடஞ்சிடுச்சாம்மா?" என்று ஓடி வந்தார். எதுவும் உடையவில்லை. அந்த மெஷினில் எண்பதாயிரம் கிலோ உட்கார்ந்த பிறகு மிஞ்சிய இடத்தில், பதினாறில் ஒரு பங்கு கிலோவுக்குக் கீழே எதுவும் நுழைய முடியாது. பழைய கணக்கில் மாகாணி என்பார்களே, அந்தப் பதினாறில் ஒன்று. நான் கொடுத்தது பத்தில் ஒன்று. மெஷின் அதில் ஒரு மாகாணியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டது. ஆயிரம் தடவையும் அதையேதான் செய்தது. கழித்தாலும் இதே கதிதான், மிஞ்சுகிற இருப்பின் வாலை நறுக்கிவிடும். அது வெட்டும், ஒருபோதும் ஏற்றாது. ஒரு சுருளுக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை எடைதான் போகும். ஆனால் ஒரு வருஷம் முழுக்க எத்தனை சுருள் வந்தது, எத்தனை சுருள் போனது!

செம்பு கூடவில்லை. மெஷின் தன் கணக்கைத்தான் வருஷமெல்லாம் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது.

திங்கட்கிழமை தாளைக் கொண்டுபோய் மேனேஜரின் மேசையில் வைத்தேன். நியாயமாக நான் தன்மையாகப் பேசியிருக்க வேண்டும். எங்கே! "சார், திருடன் அகப்பட்டுட்டான். உங்க டேப்புக்குள்ளதான் கீறான்," என்றேன். அவர் முகம் கறுத்தது. தாளைப் பார்த்தார். பேனாவை எடுத்து அவரே ஒரு தாளில் போட்டுப் பார்த்தார். மறுபடி போட்டார். நான் உட்காரவுமில்லை, நகரவுமில்லை.

"ஏத்தாதுன்னு எனக்குத் தோணவே இல்லம்மா," என்றார் கடைசியில். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "முந்நூறு கிலோவை அட்ஜஸ்ட்மெண்ட்னு ஒரு வரி எழுதிச் சரிபண்ணிடலாம். அவரை நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லிடுங்க. இதைப் பெரிசு பண்ண வேணாம்," என்றார்.

துள்ளிக் குதித்துக்கொண்டு டீக்கடைக்கு ஓடினேன். நான் சொன்ன எல்லாவற்றையும் அண்ணன் பொறுமையாகக் கேட்டார். மாகாணி என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். அட்ஜஸ்ட்மெண்ட் என்றதும் கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒரு வரி எழுதிச் சரி பண்ணா இன்னா அர்த்தம்? இவன் எட்த்தான், நாங்க மன்னிச்சி வுட்டோம்னு அர்த்தம். எனக்கு மன்னிப்பு வேணாம். ஒரு வருஷக் கணக்கையும் மொதல்லருந்து போடுங்க. அந்த அட்டைங்க எல்லாம் கீதா இல்லியா?"

"கீதுண்ணா. ஆனா..." சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். ஆனாலும் சொன்னேன். "முழுசாப் போட்டும் வித்தியாசம் வந்துச்சுன்னா? அப்போ என்னால கூட ஒண்ணும் பண்ண முடியாது."

"வந்தா என்னப் புட்ச்சி உள்ள போடச் சொல்லு," என்றார். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. இப்போது பயம் அவருக்கு இல்லை, எனக்குத்தான். என் சோதனைத் தாள் ஒரு பக்கம் மெஷினின் குற்றத்தைக் காட்டியது, வாஸ்தவம். இவர் கை சுத்தம் என்று அது எங்கே காட்டியது? முந்நூறில் இருநூறு மெஷின் தின்றது, மீதி நூறு இவர் ஒதுக்கியது என்று வந்துவிட்டால்?

மேனேஜர் முதலில் முடியாது என்றார். மெஷின் வாடகையை யார் கொடுப்பது, ஹெட் ஆபீசுக்கு என்ன சொல்வது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னல் வழியாக டீக்கடையைப் பார்த்தார். அந்த மனிதர் காக்கிச் சட்டையில் கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "சரி, போடுங்க," என்றார் மேனேஜர்.

வியாபாரக் கணக்குக்கான மொழியில் புரோகிராமை நானே புதிதாக எழுதினேன். இருப்பு டெசிமல், வரவு டெசிமல், செலவு டெசிமல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனேஜரும் என்னோடு சென்னைக்கு வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பெட்டி பெட்டியாக அட்டையை எடுத்துக் கொடுத்தார். நாஷ்டா கூடச் சாப்பிடவில்லை. இந்த மனுஷரைத்தான் எதிராளி என்று நினைத்தோமா என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கடைசிப் பெட்டியும் உள்ளே போனது. பிரிண்டர் கடகடவென்று அடித்து நின்றது. தாளைக் கிழித்தவர் அவர். ஆடிட்டர் தரையில் எடை போட்டு எழுதிய எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

இரண்டு கிலோ சொச்சம் வித்தியாசம் இருந்தது. கணக்கைவிடத் தரையில் குறைவு. எண்பது டன்னில் இரண்டு கிலோ! தராசில் ஒட்டியது, தரையில் உதிர்ந்தது, எந்த நல்ல ஸ்டோரிலும் குறைய வேண்டிய குறைவு. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, சொல்ல என்ன வெட்கம்? 'பார்த்தீர்களா, நான் அன்றைக்கே சொன்னேனே' என்று சொல்ல எத்தனையோ நாளாகக் காத்திருந்த வாய், அந்த நேரத்தில் திறக்கவேயில்லை.

திங்கட்கிழமை காலை டீக்கடையில் போய்ச் சொன்னேன். "குறையுதாண்ணா? கம்மியா?" என்று என்னையே அண்ணன் ஆக்கிவிட்டுச் சிரித்தார் மனிதர். "கம்மிதான்! பாத்தியா, கம்மிதான்!" என்று டீக்கடைக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினார். சரக்கு குறைந்ததற்காக அப்படிச் சந்தோஷப்பட்ட ஒரு ஸ்டோர்க்காரரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அன்று காலை ஷிப்டு உள்ளே நுழைகிற நேரத்தில் மேனேஜர் கேட்டுக்கு நடந்து வந்தார். ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போய் அண்ணனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். எல்லார் முன்னாலும், "செம்புக் கணக்குல இருந்த தப்பு என்னோட புரோகிராம்ல. இவர் மேல ஒரு கிராம் தப்பு கிடையாது," என்று உரக்கச் சொன்னார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் டெசிமல் ஜெயித்த பெருமை எனக்கு எவ்வளவு இருந்ததோ, அதில் பாதியாவது அவரை நினைத்தும் வந்தது. அண்ணன் தலையை ஆட்டிவிட்டு நேரே தராசுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் சங்கு ஊதியது. செம்பு ஆலை என்பதால் வெளியே போகிற எல்லாருடைய பையையும் கேட்டில் வாட்ச்மேன் பார்த்துத்தான் அனுப்புவார். அண்ணன் வந்ததும் வாட்ச்மேன் எழுந்து நின்று, "நீ போண்ணா, உன்னப் போய்ப் பாப்பனா?" என்றார். அண்ணன் போகவில்லை. பையை மேசைமேல் வைத்து, வாயை அகலப் பிரித்துக் காட்டினார்.

"பாரு."

வாட்ச்மேன் சங்கடத்தோடு குனிந்து பார்த்தார். சோற்று டப்பா, ஒரு துண்டு. "ஒண்ணுமில்லண்ணா," என்றார்.

"இன்னா கீது உள்ள? எல்லாருக்கும் கேக்கற மாரி சொல்லு."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். வாட்ச்மேன் நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"ஒண்ணுமே இல்ல!"

அண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.